நல்ல கை வந்தால் கேட்கத் தெரிய வேண்டும்: 304 ஆட்டத்தின் மரபும் தரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கலியாண வீட்டுப் பந்தலிலும், கோயில் மடத்துத் திண்ணையிலும், சனசமூக நிலையத்து வாங்கிலும் தலைமுறைகளாக ஆடப்பட்டு வரும் சீட்டாட்டம் 304. தொண்ணூறுகளின் முற்பாதியில் மின்சாரமின்றிக் குடாநாடு இருண்டு கிடந்தபோதும் மண்ணெண்ணெய் விளக்கடியில் இது தொடர்ந்தது. புலம்பெயர்ந்தவர்களோடு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போயிற்று. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல் இதன் தரத்தை நாம் பேச வேண்டும். கெட்ட கையை எவரும் சும்மா கடத்திவிடலாம். ஆட்டக்காரரை அடையாளம் காட்டுவது நல்ல கைதான்.

ஆட்டத்தின் குடும்பம்

32 தாள், நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. கேரளத்தின் 28 இதன் நெருங்கிய உறவு. அங்கே ராசாவுக்கும் ராணிக்கும் புள்ளி கிடையாது. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும்தான் தலை. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் இருந்ததை நினைத்தால், ஆட்டம் அந்த வழியாக வந்திருக்கலாம் என்ற கருத்து பொருத்தமாகவே படுகிறது. ஆனால் ஆசை எல்லா இனத்திலும் மூன்றாம் இடத்துக்குத் தள்ளி, துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடும் நுட்பம் நம் பக்கத்து ஆட்டங்களுக்கே உரியது.

நாலு தாளில் ஒரு வாக்கு

முதலில் ஆளுக்கு நாலு தாள்தான் வரும். அதைப் பார்த்தே, எத்தனை புள்ளி எடுப்போம் என்ற கேள்வி 160 இலிருந்து தொடங்கும். 160 என்பது மொத்தப் புள்ளியின் பாதியைவிட எட்டு அதிகம். பாதிக் கையை வைத்துக்கொண்டு பாதிக்கு மேல் தருவேன் என்று கொடுக்கும் வாக்கு அது.

கையை மதிப்பதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று புள்ளியை நம்புவது. நாலு ஜாக்கியும் வந்தால் கையிலேயே 120. இன்னும் 40 சேர்ந்தால் 160. மற்றது துரும்பின் நீளத்தை நம்புவது. இஸ்கோப்பனில் ஜாக்கி, ஒன்பது, ஏழு, எட்டு வந்தால் புள்ளி 50தான். ஆனாலும் மற்ற இனங்களில் எதிரி இறக்கும் பெரிய தாள்களை வெட்ட ஆயுதம் இருக்கிறது. சிறந்த கை இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும்: இஸ்கோப்பன் ஜாக்கி, ஒன்பது, ஆசு, கூடவே ரூவிதன் ஜாக்கி. 91 புள்ளி, உறுதியான துரும்பு.

காணாத தாள்களுக்கும் கணக்கு உண்டு. நமக்குத் தெரியாத 28 தாள்களில் 4 நமக்கு வரவேண்டியவை, 8 சோடியிடம் போகின்றன, 16 எதிரிகளிடம். தேவையான ஒரு தாள் நம் பக்கம் சேரும் வாய்ப்பு ஏழில் மூன்று. சோடி காப்பாற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் இந்த ஏழில் நாலை மறந்துவிடுகிறார்.

கல்லுக் கணக்கு சொல்வது

வெற்றி தோல்வியைக் கற்களால் எண்ணுவார்கள். பலர் கைக்கொள்ளும் கணக்கில், 200க்குக் கீழே கேட்டு வென்றால் ஒரு கல், தோற்றால் இரண்டு. 200க்கு இரண்டும் மூன்றும். 250க்கு மூன்றும் நாலும். சோடி தன் தாள்களை மூடிவிட, கேட்டவர் தனியே எட்டுப் பிடியும் எடுப்பதானால் நாலும் ஐந்தும். இதைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 160 கேட்பவர் நட்டமில்லாமல் தப்ப மூன்றில் இரண்டு தடவை வெல்ல வேண்டும். 200க்கு ஐந்தில் மூன்று போதும். 250க்கு ஏழில் நாலு. அரைகுறைக் கையோடு 160 கேட்பதைத்தான் இந்த விதி கடுமையாகத் தண்டிக்கிறது. நல்ல கையோடு மேலே ஏறுகிறவருக்கு ஒவ்வொரு படியிலும் சலுகை தருகிறது. 200க்குப் போதிய கையோடு 170இல் நின்றுகொள்வதை நிதானம் என்று சிலர் பாராட்டுவார்கள். நான் அதைக் குறை என்றே சொல்வேன்.

உலகெங்கும் ஆடப்படும் எல்லையில்லாப் பந்தயப் போக்கரான ஹோல்டெமிலும் இதே பாடம் இருக்கிறது. அங்கே முதலில் வருவது இரண்டே தாள். இரண்டும் ஆசாக அமைவது 221 இல் ஒரு தடவை. ஏதோ ஒரு கையோடு நிற்கும் ஒரே எதிரிக்கு எதிரே அது நூற்றுக்கு 85 தடவையளவில் வெல்லும். ஒன்பது எதிரிகள் கடைசிவரை நின்றால் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே தேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே பந்தயத்தை உயர்த்தி ஆட்களைக் குறைக்கிறார்கள். கையை ஒளித்துவைத்து எல்லாரையும் உள்ளே விடுபவர் தன் பலத்தைத் தானே பங்கிட்டுக் கொடுக்கிறார். 304இல் அந்த உயர்த்தலின் இடத்தில் கேள்வி இருக்கிறது.

கேட்ட பிறகு

துரும்பு இனத்தைக் குறிக்க எந்தத் தாளைக் கவிழ்த்து வைப்பது என்பது அடுத்த சோதனை. கவிழ்த்த தாளைக் கொண்டு வெட்டலாம். துரும்பு திறக்கும்வரை அதை முதல் தாளாக இறக்க முடியாது. ஆகவே ஜாக்கியைக் கையில் வைத்துச் சிறிய துரும்பைக் கவிழ்ப்பதே பொதுவாகத் தேர்ந்த வழி. மற்ற இனத்து ஜாக்கிகளை முதல் சுற்றிலேயே இறக்கிவிட வேண்டும். எட்டுத் தாள் நாலு பேரிடம் பிரிந்தால் ஆளுக்குச் சராசரி இரண்டு. முதல் சுற்றில் பெரும்பாலும் எல்லாரிடமும் அந்த இனம் இருக்கும். இரண்டாம் சுற்றில் வெட்டு விழும். காத்து வைத்த ஜாக்கி எதிரியின் ஏழுக்குப் பலியாவது நல்ல கையை வீணாக்கும் வழிகளில் முதன்மையானது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நெறி உண்டு: சோடிக்குச் சொல்ல வேண்டியதைக் கேள்வியாலும் இறக்கும் தாளாலும் மட்டுமே சொல்ல வேண்டும். இருமலும் கண்சாடையும் கலந்த வெற்றி வெற்றியில்லை.

விதிகள் வட்டத்துக்கு வட்டம் வேறுபடுகின்றன. சில இடங்களில் ஆறு பேர் ஆடுகிறார்கள். இரண்டாம் நாலு தாளுக்குப் பிறகு கேட்கும் தொகையும் மாறுகிறது. அந்த வேறுபாடுகள் நம் சொத்து; அழிக்க வேண்டியவை அல்ல. ஒவ்வொரு சனசமூக நிலையமும் தன் வட்டத்து விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். ஆண்களின் ஆட்டம் என்ற பழக்கத்தை விட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில் வெற்றிக் கிண்ணத்தோடு, சரியாகக் கேட்டு ஆடிய சோடிக்கும் ஒரு பரிசு வைக்கலாம். துணிவாகக் கேட்டு, கேட்டதைக் கொடுத்து முடிக்கும் பழக்கம் சீட்டு மேசையோடு நின்றுவிடாது. அதற்காகவே இந்த ஆட்டத்தை ஒழுங்காகக் கையளிக்க வேண்டும்.