எண்ணிக்கையும் ரசனையும்: ஒரு வானொலிப் பட்டியலை முன்வைத்து

இந்த ஆண்டு வெளிவந்த கவிதைத் தொகுதிகளில் சிறந்த பத்தைத் தேர்ந்து, ஒன்று முதல் பத்துவரை வரிசை எண் இட்டு அனுப்பும்படி இவ்விதழின் ஆசிரியர் எனக்கும் இன்னும் சிலருக்கும் எழுதியிருக்கிறார். எல்லோருடைய வரிசைகளையும் கூட்டி, மதிப்பெண் போட்டு, ஒரே பட்டியலாக வெளியிடுவது அவர் உத்தேசம். முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகைக்கு இந்த ஆசை எதற்கு என்று கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை. ரசனை என்று ஒன்று உண்டு, அது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற பிரக்ஞையே எனக்கு ஒரு பட்டியலைக் கேட்டுத்தான் வந்தது. பாலசமுத்திரத்தில், புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு, எனக்குப் புரியாத ஒரு பாஷையில் வந்த பட்டியல் அது.

பினாக்கா கீத்மாலாவைச் சொல்கிறேன். அதன் பூர்வ கதையைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். 1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு தேசத்தின் செவியைக் கெடுக்கும் சரக்கு. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக இல்லாமலே போயிற்று. ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போனார்கள். யுத்த காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய ஒலிபரப்புச் சாதனங்கள் அங்கே இலங்கை வானொலிக்கு வந்து சேர்ந்திருந்தன. அதன் வர்த்தக சேவை 1950-லேயே தொடங்கியிருந்தது. 1952 டிசம்பர் 3-ஆம் தேதி, ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிக்கொண்டு, இருபது வயது நிரம்பாத அமீன் சயானியின் குரலில் கீத்மாலா ஆரம்பமாயிற்று. முதலில் ஏழு பாட்டுகளை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்திச் சொல்லும் நேயருக்குப் பரிசு என்ற போட்டி. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன, பிறகு வாரம் 65,000 வரை போயிற்று என்று சயானி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1954-ல் போட்டி போய் வரிசை மட்டும் நின்றது. கேஸ்கரின் இலாகா 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்த பிறகும் புதன்கிழமை கொழும்புக்கே உரியதாக இருந்தது. 1989-ல் கீத்மாலாவே விவித் பாரதிக்கு வந்து சேர்ந்தது. சயானி 2024 பிப்ரவரியில் இறந்தார்.

தரத்தைக் காப்பாற்ற மேலிருந்து ஒருவர் ஜனங்களின் காதை மூடினால், கீழிருந்து எண்ணிக்கை ஒன்று கிளம்பித் தானே தரம் என்று உட்கார்ந்துகொள்கிறது. கேஸ்கர் பாட்டை நிராகரித்ததற்கு ஜனங்களுக்குச் சொன்ன காரணம் காரணமாக இல்லை, ஆசாரமாக இருந்தது. கீத்மாலா ஒரு பாட்டை முதலில் வைத்ததற்கும் காரணம் சொல்லவில்லை. எண்ணைச் சொன்னது. நம் இலக்கிய உலகத்தின் நிலைமையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதற்கு வருகிறேன்.

பாலசமுத்திரத்தில் பகல் முழுக்க இலங்கையின் தமிழ்ச் சேவைதான். மயில்வாகனனும் பின்னால் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்களுக்கு உறவுக்காரர்கள் மாதிரி. ஹிந்தி நிகழ்ச்சி கேட்கும் வீடு ஒன்றே ஒன்று. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த பட்டாளத்து மாமாவின் வீடு. மேற்கே மலை, சிற்றலை வந்து வந்து போகும். மாமா டிரான்சிஸ்டரைத் திண்ணையின் ஒரு குறிப்பிட்ட மூலையில், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைப்பார். மடியில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. சயானி வரிசை எண்களைப் படிகள் என்று சொல்வார். கடைசிப் படியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி வருவார். மாமா ஒவ்வொரு படியாகக் குறித்துக்கொண்டு வருவார்.

அத்தை உள்ளே இருந்து ஒருமுறை கேட்டாள்: “மொதல்ல வந்தா என்னங்க, கடைசியில வந்தா என்னங்க? பாட்டு அதே பாட்டுத்தானுங்களே?”

மாமா நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “அப்புறம் எதுக்கு அடுப்பைத் தணிச்சுப்போட்டு வந்து நிக்கறே?”

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் பட்டியலின் இயல்பு முழுக்க இருக்கிறது. அத்தை சொன்னது சத்தியம். எண் பாட்டில் இல்லை. ஐந்தாம் படியில் இருக்கும்போது அதற்குள்ள மெட்டும் குரலும்தான் முதற்படியிலும். ஆனால் மாமா சொன்னதும் சத்தியம். கடைசியிலிருந்து முதலுக்கு ஏறும் அந்த அமைப்பு ஒரு கதை. எதிர்பார்ப்பு, ஏமாற்றம், வெற்றி எல்லாம் அதில் உண்டு. நாங்கள் கேட்டது பாட்டை அல்ல, பாட்டின் வெற்றியை. ஜனரஞ்சக சாதனம் எதுவும் அனுபவத்தின் இடத்தில் அனுபவம் பற்றிய செய்தியை வைத்துவிடும். அதைச் செய்யும் திறமையில் கீத்மாலாவுக்கு இணை கிடையாது.

எண்ணப்பட்டது எது? இசைத்தட்டு விற்பனை, நேயர் மன்றங்கள் எழுதிய கடிதங்கள் ஆகியவற்றிலிருந்து வார வரிசை. வாராவாரம் சேர்ந்த மதிப்பெண்ணிலிருந்து ஆண்டு வரிசை. ஆக, இசைத்தட்டு வாங்க வசதியுள்ளவனும் கடிதம் எழுதக்கூடியவனும் கணக்கில் உண்டு. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றவள் கணக்கில் இல்லை. அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள ஜும்ரி தலையா என்ற மைக்காச் சுரங்க ஊர், வானொலிக்கு எழுதிய கடிதங்களாலேயே தேசப் பிரசித்தி அடைந்தது. அங்கே காதுகள் அதிகம் என்பதில்லை, எழுதும் கைகள் அதிகம்.

கைகள் என்ன செய்யும் என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன். 1973-ன் இறுதியில் ‘யாதோன் கி பாராத்’ வந்தது. திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப்போய்ப் பார்த்தோம். அடுத்த ஆண்டு அந்தப் படத்தின் பாட்டு ஒன்றை முதலில் கொண்டுவந்தே தீருவது என்று மூன்று பையன்கள் சேர்ந்து ஒரு நேயர் மன்றம் அமைத்தோம். உறுப்பினர் பட்டியலில் பதினான்கு பேர். மீதிப் பதினொன்றில் சிலர் எங்கள் பந்துக்கள், சிலர் கற்பனை, ஒருவர் காலமாகிவிட்ட என் தாத்தா. மாமாவிடம் காட்டி ஹிந்தியில் எழுதித் தரச் சொன்னேன். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவர் தாத்தா பெயரில் நின்றார். “செத்தவரு காதுல பாட்டு உழுமாடா?” என்றார். எழுதித் தரவில்லை. நாங்களே பார்த்து வரைந்து அனுப்பினோம். 1974-ல் முதலில் வந்தது ‘கோரா காகஸ்’ படப் பாட்டு.

பின்னால் யோசிக்கும்போது மோசடி தோற்றதல்ல முக்கியமாகப் படுகிறது. கணக்கு முறையே அந்தப் படத்துக்குப் பாதகமானது. ஆண்டுக் கடைசியில் வரும் படத்தின் பாட்டு ஓர் ஆண்டில் பாதியும் மறு ஆண்டில் பாதியுமாகப் பிளந்துபோகும். 1969-ன் பிற்பகுதியில் வந்த ‘ஆராதனா’வுக்கும் இதே கதி. 1969-ல் முதலிடம் ‘இந்தகாம்’ படப் பாட்டுக்கு. 1970-ல் ‘தோ ராஸ்தே’ படப் பாட்டுக்கு. ‘ஆராதனா’வும் ‘யாதோன் கி பாராத்’தும் தமிழில் ‘சிவகாமியின் செல்வ’னாகவும் ‘நாளை நமதே’யாகவும் மறுபிறவி எடுத்தவை. ஹிந்தி ஓர் எழுத்தும் அறியாதவர்கள் அவற்றின் மூலப் பாட்டுகளை இன்றும் முணுமுணுக்கிறார்கள். ‘இந்தகாம்’ எங்கள் பக்கத்தில் யாருக்கு ஞாபகம்? டிசம்பர் 31 என்பது ரசனையின் எல்லை அல்ல, காலண்டரின் எல்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் சிறுபத்திரிகைக்காரனின் வழக்கமான ஜம்பமாக முடிந்திருக்கும். எண்ணிக்கை சில சமயம் விமரிசகனுக்குத் தெரியாததைச் சொல்லிவிடும். 1975-ஆம் ஆண்டில் முதலில் வந்தது ‘ரோட்டி கப்டா ஔர் மக்கான்’ படத்தின் விலைவாசிப் பாட்டு. லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் கவ்வாலி பாணியில் அமைத்தது; ரேஷன் வரிசையும் மளிகைச் சாமானும் வரும் நீண்ட புலம்பல். அந்த ஜூனில்தான் நெருக்கடி நிலைப் பிரகடனம். பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தபோது ஜனங்கள் ஆண்டின் பிரியமான பாட்டாக விலைவாசியைத் தேர்ந்தார்கள் என்பதை எதிர்ப்பு என்று சொல்ல மாட்டேன். படம் முந்தின ஆண்டே வந்தது. பாட்டு ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அது சாட்சியம். ‘நல்ல பாட்டு’ என்ற அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எவனும் அந்தப் பாட்டைப் பொறுக்கியிருக்க மாட்டான்.

இப்போது நம் விஷயம். க.நா.சு. போட்ட பட்டியல்களைக் கேலி செய்யாதவர்கள் அவர் காலத்திலும் குறைவு, பிறகும் குறைவு. இன்னின்னார் நல்ல எழுத்தாளர் என்று பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார், ஏன் என்று சொல்வதில்லை என்பது புகார். பிரதியை எடுத்து வைத்து அலச வேண்டும் என்றார் சி.சு. செல்லப்பா, 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ அந்தக் காரியத்தைச் செய்தது. வாதத்தில் நான் செல்லப்பா பக்கம். ஆனால் மௌனியை எனக்குக் காட்டியது அலசல் அல்ல; க.நா.சு.வின் ஒரு பட்டியலில் கண்ட பெயர். அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு எத்தனை நூலகங்களுக்குப் போனேன் என்பது எனக்குத்தான் தெரியும். பட்டியல் தேட வைக்கும். தேடிக் கண்டவன் தன் காரணத்தைத் தானே கண்டுகொள்ள வேண்டும். தேடாமல் பட்டியலையே ஒப்பிக்கிறவனுக்கு அது ஜும்ரி தலையாவிலிருந்து வந்தால் என்ன, க.நா.சு.விடமிருந்து வந்தால் என்ன?

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். க.நா.சு.வின் பட்டியலுக்கு அடியில் ஒரு பெயர் இருந்தது. தப்பென்றால் திட்டுவதற்கு ஆள் உண்டு. தபால் அட்டையிலும் பெயரும் ஊரும் இருந்தன. தாத்தா பெயரைப் போட்டபோது எனக்கு உறுத்தியதே, ஒருவன் தன் பெயரைக் கொடுத்துத்தான் விருப்பத்தைச் சொல்லலாம் என்ற விதி அங்கே இருந்ததால்தான். இன்று செல்பேசியில் பாட்டுக் கேட்பவனிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. அவன் கேட்டதே ஓட்டாகிவிடுகிறது. தூங்கிப்போன பின் ஓடும் பாட்டும் கணக்கில் ஏறலாம். டிசம்பரில் அவன் ரசனை இதுதான் என்று அவனுக்கே பட்டியல் அனுப்புகிறார்கள். இந்த எண்ணிக்கையில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பத்துப் பேரின் வரிசைகளைக் கூட்டிப் பெயரில்லாத ஒரே பட்டியலாக்கும் ஆசிரியரின் திட்டத்திலும் இந்த நாற்றம் சிறிது அடிக்கிறது. யாருடைய முதலும் அதில் முதலாக வராது; யாருக்கும் பெரிதாக ஆட்சேபணை இல்லாத ஒன்று வரும்.

மாமா காலமான பின் அத்தை அந்தக் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள். முதற்பத்தியில் சயானி சொன்ன எண். இரண்டாவதில் மாமா தாமே போட்ட எண். இரண்டும் ஒத்துப்போன இடங்கள் குறைவு. மூன்றாவது பத்தி குறுகலானது; பென்சிலில், தமிழில், இரண்டு மூன்று சொற்கள். 1972-ல் முதலில் வந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ பாட்டுக்கு அவர் எண் ஒன்பது: “குரல் அசாத்தியம். பிள்ளைகள் கெடும்.” 1975-ன் விலைவாசிப் பாட்டுக்கு எண்ணே போடவில்லை: “மளிகைச் சீட்டு. இதற்கு வரிசை எதற்கு?” பதினாறாம் படியிலேயே நின்றுபோன ஏதோ ஒரு பாட்டுக்கு எதிரே அவர் எண் ஒன்று: “இவள் உள்ளே இதை முனகுகிறாள்.”

நான் படித்த முதல் விமரிசனம் இந்த மூன்றாவது பத்திதான் என்று இப்போது தோன்றுகிறது. அபிப்பிராயங்களில் பலவற்றை நான் ஒப்பமாட்டேன். பிள்ளைகள் கெடும் என்பதில் கேஸ்கரின் குரல் கேட்கிறது. ஆனால் ஒப்பாமல் இருப்பதற்கு அங்கே இடம் இருக்கிறது. எண்ணோடு சண்டை போட முடியாது, காரணத்தோடு போடலாம்.

ஆசிரியருக்கு என் பத்துப் புத்தகங்களை அனுப்புகிறேன். கூட்டிப் போட வேண்டாம், என் பெயரிலேயே போடட்டும். எண் வேண்டுமானால் அவர் இட்டுக்கொள்ளட்டும். எதிரே ஒரு பத்தி காலியாக விட்டுப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். அச்சில் இடமில்லை என்றால் எண்களை எடுத்துவிட்டு அதைப் போடட்டும்.