கேவுருக் கூழும் பனங்கட்டிக் கூழும்

ஆடி பிறந்தால் கடலுக்கு இந்தப் பக்கமும் கூழ், அந்தப் பக்கமும் கூழ். ஆனால் யாழ்ப்பாணத்து ஆடிக்கூழை எங்கள் வானூர்ப் பிள்ளையிடம் கொடுத்தால், பாயசம் என்றுதான் சொல்லும்.

எங்களுக்குக் கூழ் என்றால் கேவுருதான், அதாவது கேழ்வரகு. மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் வெந்ததும் ஊற்றிக் கிண்டி இறக்குவார்கள். மறுநாள் மோரும் உப்பும் சேர்த்துக் கரைப்பார்கள். உப்புக்கு மரக்காணம் இருக்கிறது, கருவாட்டுக்குக் கடல் இருக்கிறது. வேறென்ன வேண்டும், சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும்தான். மாரியம்மன் கோயிலுக்குப் பெண்கள் வேப்பிலை செருகிய குடங்களைச் சுமந்து வந்து அண்டாவில் ஊற்றுவார்கள். தூக்கும் சொம்புமாகப் பிள்ளைகள் நாங்கள் இடித்துக்கொண்டு நிற்போம். கூழ் ஊற்றும் நாள் ஊருக்கு ஊர் வேறு என்பதால், கால் வலுவுள்ள பிள்ளைக்கு ஆடி முழுக்கக் கூழ்தான்.

யாழ்ப்பாணத்தில் அது ஆடி முதல் நாள், வீட்டு அடுப்பில் நடப்பது. அரிசிமா, வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால், பல்லில் கடிபடத் தேங்காய்ச் சொட்டு. பலா இலையை மடித்துக் கோலிக் குடிப்பார்கள், கூடவே கொழுக்கட்டை. உறைப்புக் கூழ் தெரியாதவர்கள் அல்லர். மீனும் நண்டும் போட்ட ஒடியல் கூழ் அவர்களுடையதுதான், அதற்கு இந்த நாள் இல்லை. நம் பக்கத்தில் இந்த இனிப்புக்கு உறவு தேட வேண்டுமென்றால் சேலத்துக்குப் போகவேண்டும். அங்கே அதே ஆடி முதல் நாளில் பயறும் வெல்லமும் அடைத்த தேங்காயைப் பிள்ளைகள் தீயில் சுடுகிறார்கள்.

பெரிய வித்தியாசம் ருசியில் இல்லை, பாட்டில் இருக்கிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953), தமிழாசிரியர், ஆடிப்பிறப்பைப் பிள்ளைகளுக்குப் பாட்டாக்கினார். பள்ளி விடுமுறையின் குதூகலத்தில் தொடங்கி, கூழும் கொழுக்கட்டையும் ஆகும் பக்குவம் வரை அதில் உண்டு. சமையல் குறிப்பையே பிள்ளை வாயில் ஊட்டிவிட்டார் மனுஷன்! கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து படிக்க வந்த வகுப்புத் தோழி சொல்லித்தான் அதை நான் கேட்டேன். ஊரை விட்டு வந்தவர்களோடு அந்தப் பாட்டும் வந்திருந்தது. டொராண்டோவிலும் லண்டனிலும் ஆடிக்கூழ் காய்ச்சுகிறார்கள் என்றால் அதில் பாதிப் புண்ணியம் புலவருக்கு.

எங்கள் கூழுக்கு அம்மன் இருக்கிறாள், ஒலிபெருக்கி இருக்கிறது. பிள்ளை தனியாக முணுமுணுக்க ஒரு பாட்டு இல்லை. கோயிலை விட்டுத் தொலைவில் வேலைக்குப் போனவன் கூழையும் விட்டுவிடுகிறான். எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்கள் யாராவது அடுத்த ஆடிக்குள் ஒன்று கட்டிக் கொடுங்கள். கருவாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.