கலை அருங்காட்சியகமும் பள்ளி ஆசிரியரும்: காட்சிவழிச் சிந்தனை முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி மாணவர்க்குக் கலை அருங்காட்சியகம் ஆற்றும் உதவி குறித்த அண்மைக் கால உரையாடல், அமெரிக்காவில் உருவான காட்சிவழிச் சிந்தனை முறையையும் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியக ஆய்வையும் சான்றாகக் கொள்கிறது. இவ்விரண்டும் மாணவரின் பார்க்கும் திறனை வளர்க்கும் வழியைக் காட்டுகின்றன. ஆயினும் ஆசிரியரின் அறிவுக்கு இவை தரும் இடம் மிகக் குறுகியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அருங்காட்சியகக் கல்வி, காட்சிவழிச் சிந்தனை, பள்ளி ஆசிரியர், கிரிஸ்டல் பிரிட்ஜஸ், செப்புத் திருமேனி

முன்னுரை

அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் வழக்கம் புதியதன்று. வரிசையில் நின்று, பெயர்ப்பலகையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பும் அந்தச் சுற்றுலாவைக் கல்வியாக மாற்றுவது எவ்வாறு என்பதே அருங்காட்சியகக் கல்வித் துறையின் அடிப்படை வினா. இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் மிகப் பரவலாக ஏற்கப்பட்ட ஒன்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

காட்சிவழிச் சிந்தனை முறை: தோற்றமும் இயல்பும்

1983 முதல் 1993 வரை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் பிலிப் யெனவைன். அங்கு நிகழ்ந்த வகுப்புகளும் உரைகளும் பார்வையாளரால் விரும்பப்பட்டன. ஆனால், கற்றவற்றுள் மிகச் சிலவே அவர்தம் நினைவில் நின்றன என்பது ஆய்வில் தெரியவந்தது. அழகியல் வளர்ச்சியை ஐந்து படிநிலைகளாக வகுத்த உளவியலாளர் அபிகெயில் ஹவுசனுடன் இணைந்து அவர் வகுத்ததே காட்சிவழிச் சிந்தனை முறை.

இம்முறையில் மூன்று வினாக்களே உண்டு. படத்தில் என்ன நிகழ்கிறது என்பது முதலாவது. எதைக் கண்டு அவ்வாறு கூறுகிறாய் என்பது இரண்டாவது. இன்னும் எவற்றைக் காண முடிகிறது என்பது மூன்றாவது. மாணவர் கூறுவதை ஆசிரியர் படத்தில் சுட்டிக்காட்டுவார்; வேறு சொற்களில் மீட்டுரைப்பார்; ஒருவர் கருத்தை மற்றொருவர் கருத்தோடு இணைப்பார். சரி, தவறு எனத் தீர்ப்புரைப்பதோ படத்தைப் பற்றிய செய்திகளைத் தருவதோ இல்லை. கலை வரலாறு கல்லாத ஆசிரியரும் அச்சமின்றி வகுப்பு நடத்தலாம் என்பது இதன் பெரும் பயன். இரண்டாம் வினா மாணவரைச் சான்று காட்டிப் பேசப் பழக்குகிறது என்பதும் மறுக்கவியலாதது.

கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஆய்வு

ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பென்டன்வில் நகரில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 2011இல் திறக்கப்பட்டது. போக்குவரத்து, உணவு ஆகியவற்றோடு, உடன்வரும் ஆசிரியருக்கு மாற்றாக வகுப்பெடுப்பவரின் ஊதியத்தையும் அது ஏற்றுக்கொண்டது. இடங்களைக் காட்டிலும் விண்ணப்பங்கள் மிகுந்தமையால் குலுக்கல் முறையில் பள்ளிக் குழுக்கள் தேர்வு செய்யப்பட்டன. இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி ஜே கிரீன், பிரையன் கிசிடா, டேனியல் போவன் ஆகியோர் 123 பள்ளிகளைச் சேர்ந்த 10,912 மாணவரிடமும் 489 ஆசிரியரிடமும் ஆய்வு மேற்கொண்டனர்.

ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஐந்து ஓவியங்களைக் கண்டு உரையாடிய மாணவரின் திறனாய்வுச் சிந்தனை, செல்லாதவரைக் காட்டிலும் திட்ட விலக்கத்தில் 9 விழுக்காடு அளவுக்கு உயர்ந்திருந்தது. ஊர்ப்புறப் பள்ளி மாணவரிடையே இவ்வுயர்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வேறு வாய்ப்பற்றவர்க்கே அருங்காட்சியகம் மிகுதியாகப் பயன்படுகிறது என்னும் இம்முடிவு, கட்டணமில்லா வருகைக்கு வலுவான சான்றாகும்.

எனினும் இங்கு ஓர் இடர்ப்பாடு உள்ளது. மாணவர் முன்பு கண்டிராத ஓர் ஓவியத்தைக் காட்டி, அதில் என்ன நிகழ்கிறது, எதைக் கண்டு அவ்வாறு கருதுகிறாய் எனக் கேட்டே சிந்தனைத் திறன் அளக்கப்பட்டது. இவை மேற்கண்ட முறையின் முதலிரு வினாக்களே. விடைகளை மதிப்பிட்ட அளவுகோலும் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தோடு இணைந்து பணியாற்றிய ஆய்வாளர்கள் வகுத்ததாகும். ஆகவே, ஆய்வில் உறுதிப்படுவது ஓவியத்தின் முன் பெற்ற பயிற்சி மற்றோர் ஓவியத்தின் முன் பயன்பட்டது என்பதே. அது வரலாற்றுப் பாடத்திற்கோ மொழிப் பாடத்திற்கோ இடம்பெயரும் என்பதற்கு இவ்வாய்வு சான்றாகாது.

செய்தியின் இடம்

இதே ஆய்வின் மற்றொரு முடிவு மேலும் கருதத்தக்கது. ஈஸ்ட்மன் ஜான்சன் வரைந்த ஓவியம் ஒன்றைக் கண்டவருள் 88 விழுக்காட்டினர், அடிமை உழைப்பால் விளைந்த கரும்புச் சர்க்கரைத் தொழிலை எதிர்த்து அடிமை ஒழிப்பாளர் மேப்பிள் பாகு காய்ச்சும் காட்சி அது என்பதைச் சில வாரங்களுக்குப் பின்னும் நினைவில் கொண்டிருந்தனர். ஓவியத்தை எத்துணை நேரம் உற்று நோக்கினும் இச்செய்தி கண்ணுக்குப் புலப்படாது. ஒருவர் கூறியிருத்தல் வேண்டும். அங்குள்ள வழிகாட்டிகள் சுருக்கமான விளக்கமும், மாணவர் கேட்கும்போது கூடுதல் செய்தியும் தருபவர்கள். மாணவர் செய்திகளை மறந்துவிடுவர் என்னும் எடுகோளுக்கு இது மாறானது என்பதை ஆய்வாளர்களே சுட்டியுள்ளனர். ரிக்கா பர்ன்ஹாம், எலியட் கை-கீ ஆகியோரும் 2011இல் வெளிவந்த தம் நூலில், முன்னரே வகுத்த வினாக்கள் உரையாடலைக் குறுக்குகின்றன என விமர்சித்துள்ளனர்.

இதனின்று பெறப்படுவது யாது? செய்தியை விலக்குவதால் பார்வை கூர்மையடைவதில்லை. மாணவர் கேட்கும் தருணத்தில் தரப்படும் செய்தியே நிலைக்கிறது. அத்தருணத்தை அறிந்து செய்தி தருவதற்குப் பொருளறிவும் மாணவரைப் பற்றிய அறிவும் ஒருங்கே தேவை. முன்னது வழிகாட்டியிடம் உண்டு. பின்னது ஆசிரியரிடமே உண்டு. ஆயின் இவ்வாய்வில் ஆசிரியர் மாணவரை அழைத்துவருபவராகவும் வினாநிரலுக்கு விடையளிப்பவராகவுமே தோன்றுகிறார்.

தமிழ்ச் சூழலில்

இம்முறையைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்திற்கு அவ்வாறே கொணர்தல் பொருந்தாது. திருவாலங்காட்டு நடராசர் முன் நிற்கும் தமிழ் மாணவர்க்கு என்ன நிகழ்கிறது என்னும் வினா திறந்த வினாவன்று. உடுக்கையும் தீயும் தூக்கிய திருவடியும் பலர்க்கு முன்பே அறிமுகமானவை. விடை தெரிந்த இடத்தில் பார்வை நின்றுவிடும். மாறாக, உலாத் திருமேனிகளின் பீடத்தில் உள்ள துளைகளும் வளையங்களும் எதற்கு எனக் கேட்டால், மாணவர் தம் ஊர்த் திருவிழாவை நினைவுகூர்ந்து விடை தேடுவர். தண்டு கோத்து வீதியில் எடுத்துச் செல்லப்பட்ட திருமேனி இன்று கண்ணாடிக்குள் நிற்பதன் வரலாறு அங்கிருந்து தொடங்கும். திருவிழாவை அறியாத மாணவரும் வகுப்பில் இருப்பர். அவர்க்கு எவ்வினா பொருந்தும் என்பதை அறிந்தவரும் ஆசிரியரே.

முடிவுரை

காட்சிவழிச் சிந்தனை முறை மாணவர்க்குப் பேச இடமளித்தது. கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஆய்வு அவ்விடத்தின் பயனை அளந்து காட்டியது. இரண்டும் ஆசிரியரின் அறிவைக் கணக்கில் கொள்ளாமையே குறை. பேருந்துக் கட்டணத்தையும் மாற்று ஆசிரியர் ஊதியத்தையும் ஏற்பது முதல் உதவி. மாணவர் வருகைக்கு முன்பே ஆசிரியரைத் தனியே அழைத்து, எப்பொருளை எவ்வினாவோடு காண்பது என்பதை அவரோடு சேர்ந்து வகுப்பது அடுத்த உதவி. இவ்விரண்டாவது நிகழாதவரை அருங்காட்சியகம் ஆசிரியருக்கு உதவுகிறது எனல் பொருந்தாது. அவருடைய மாணவர்க்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்துகிறது என்பதே பொருந்தும்.