சமணர் மலையில் ஒரு காலை

அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கும் பருவத்தில், மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில், ஆலமர நிழலையும் தாமரைக் குளத்தையும் கடந்து, பாறையிலேயே வெட்டிய படிகளில் சமணர் மலைமேல் ஏறுவது சொற்ப சிரமத்தில் கிட்டும் பெரிய ஆனந்தம். வழியில் பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலையும் மழையையும் சமமாய் ஏற்றிருக்கும் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி ஆகியோரின் புடைப்புருவங்களும், அவற்றைச் செய்வித்தோரின் பெயர் கூறும் வட்டெழுத்துகளும், மூச்சு வாங்க வருகிறவனை மௌனமாக அமர்த்திவிடுகின்றன. உச்சியில் நின்றால், ஒருபுறம் நாகமலையின் நீண்ட முதுகும், மறுபுறம் திருப்பரங்குன்றமும், கீழே பச்சை வயல்களும் பனி விலக விலகப் புலப்படும். பாறை சுடத் தொடங்குமுன் இறங்கிவிட வேண்டும். மனம் மட்டும் அந்தச் சுனையருகிலேயே சற்றுத் தங்கிவிடுகிறது.