கட்டாயமில்லாத தேசியத் தரம்

ஒன்ராறியோவின் பிக்கரிங்கில் ஒரு தமிழ் வீட்டில் அம்மம்மா கடைசி மாதங்களில் படுக்கையோடு இருந்தால், வைத்தியர் எப்போதாவது வருவார், தாதி கிழமைக்குச் சில தடவை வருவார். அடிக்கடி வந்து உடம்பு துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, படுக்கைப்புண்ணை முதலில் காண்பவர் பி.எஸ்.டபிள்யூ. என்று நாம் அழைக்கும் பராமரிப்புப் பணியாளர்தான். 2021இல் வெளிவந்த கனடிய நோய்தணிப்புப் பராமரிப்புத் தகைமைச் சட்டகம் இந்த உண்மையைக் கணக்கில் எடுத்தது. தாதி, பொது வைத்தியர், சமூகப் பணியாளர் ஆகியோரோடு பி.எஸ்.டபிள்யூ.வுக்கும் தொண்டருக்கும் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று அது எழுதிவைத்தது. அதன் ஆகப் பெரிய பலம் இதுவே.

இதற்குக் கனடா எடுத்துக்கொண்ட காலம் அதிகம். மொன்றியல் ரோயல் விக்ரோறியா வைத்தியசாலையில் வைத்தியர் பல்ஃபோர் மவுண்ட் இப்பராமரிப்புக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது 1975இல். தேசியச் சட்டகம் ஒன்று வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2017இல்.

அந்தச் சட்டத்துக்கும் 2021 சட்டகத்துக்கும் பல் இல்லை. சுகாதாரச் சேவையை நடத்துவதும் தொழில்களை ஒழுங்குபடுத்துவதும் மாகாணங்களின் அதிகாரம். ஒட்டாவாவின் மத்திய அரசு பரிந்துரைக்கலாம், பணிக்க முடியாது. ஒன்ராறியோவில் தாதிக்கும் வைத்தியருக்கும் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டபூர்வமான கல்லூரிகள் இருக்கின்றன. பி.எஸ்.டபிள்யூ.க்களைப் பதிவுசெய்யும் மேற்பார்வை ஆணையம் 2024 டிசம்பரில்தான் பதிவைத் தொடங்கியது. அதுவும் விரும்பினால் மட்டும். ஆகவே தரம் மிகவும் தேவைப்படுகிற இடத்தில்தான் அது மிகவும் தளர்ந்து கிடக்கிறது.

பயிற்சி இல்லாமல் இல்லை. பலியம் கனடா என்ற அமைப்பு நடத்தும் லீப் என்ற நோய்தணிப்பு வகுப்புகளில் பி.எஸ்.டபிள்யூ.க்களுக்கென்றே ஒரு பாடத்திட்டம் உண்டு. அதற்கு நேரத்தையும் பணத்தையும் யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. 2022இல் ஒன்ராறியோ வீட்டுப் பராமரிப்புப் பணியாளருக்கு மணிக்கு 3 டொலர் உயர்வை நிரந்தரமாக்கியபோது அது பெரிய செய்தியானது. அந்தச் சம்பளத்தில் ஏஜாக்ஸிலும் ஸ்காபரோவிலும் வீடு வீடாக ஓடுகிறவரிடம், சம்பளமில்லாத ஒரு சனிக்கிழமையை வகுப்புக்குக் கொடு என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டகத்தில் பண்பாட்டுப் பாதுகாப்பும், அதாவது நோயாளியின் பண்பாட்டை மதித்துப் பராமரிப்பதும், ஒரு தகைமை. நியூசிலாந்தின் மாவோரித் தாதியரிடமிருந்து வந்த கருத்து அது, நல்ல கருத்துத்தான். ஆனால் அதை எப்படி அளப்பது? 1991இல் எட்மன்டனில் உருவான அறிகுறி அளவுகோல் வலியைச் சுழியத்திலிருந்து பத்துவரை கேட்கிறது. மகன் மொழிபெயர்க்க, அம்மா "அவ்வளவு இல்லை, ரெண்டு எண்டு போடச்சொல்லு" என்பா. பிள்ளை பயப்படக்கூடாதே! தாதி இரண்டு என்று எழுதிக்கொண்டு போவார். மத்தியானம் பக்கம் திருப்பும்போது அம்மா முகம் சுளித்து, விரிப்பைப் பிடிப்பதைக் காண்பவர் தமிழ் பி.எஸ்.டபிள்யூ. அவரிடமே வாசலில் வைத்து மகள், "அம்மாவுக்குக் கான்சர் எண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்று கேட்டிருப்பா. மோர்பின் தொடங்கினால் எல்லாம் முடிந்தது என்று மருமகன் தடுப்பதும் அவர் முன்னால்தான். மொழிபெயர்ப்பாளர், சமாதானம் பேசுபவர், வலியின் சாட்சி என்று அவர் செய்யும் மூன்று வேலைகளும் அவருடைய வேலைப்பட்டியலில் இல்லை. கண்டதைத் தாதிக்கு உடனே சொல்லும் வழி இல்லாவிட்டால், அவர் கற்ற பாடமும் படுக்கையருகோடு நின்றுவிடும். தனிமனிதத் திறமையைப் பட்டியலிடும் எந்தத் தரத்துக்கும் இந்தக் குருட்டுப்புள்ளி உண்டு.

கேரளம் மறுமுனையிலிருந்து தொடங்கியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பின்னாளில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களைப் பயிற்றி வலைப்பின்னலாக்கியது. 2008இல் மாநில அரசு அதற்கொரு கொள்கை வகுத்தது. அங்கே வேலை முதலில் வந்தது, தாள் பின்னால் வந்தது. அதனால் கேரளத்தில் குறை இல்லை என்று சொல்லவில்லை. தொண்டர்களை நம்பும் ஏற்பாட்டில் தரம் ஊருக்கு ஊர் மாறும். கனடியச் சட்டகத்தின் தேவை அங்கேதான் தெரிகிறது.

ஒன்ராறியோவில் தரத்தைக் கட்டாயமாக்கும் பிடி வேறிடத்தில் இருக்கிறது. 2024 ஜூனில் பதினான்கு அமைப்புகளை இணைத்து உருவான ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம், வீட்டுப் பராமரிப்பை நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுக்கிறது. நோய்தணிப்பு வீட்டுக்கு அனுப்பப்படும் பணியாளர் சட்டகத்தின்படி பயின்றிருக்கவேண்டும், பயிற்சி நேரத்துக்கு நிறுவனம் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுத ஒட்டாவாவின் அனுமதி தேவையில்லை.