ஆசிரியர் கடன்

உ.வே. சாமிநாதையர் என்றால் நமக்கு ஏட்டுச்சுவடி. சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) என்று வரிசையை ஒப்பித்து ஒரு கும்பிடு போட்டால் காரியம் முடிந்தது. மறதிக்குள் போய்க்கொண்டிருந்த மனிதர்களை விடாமல் எழுதிய சரித்திரக்காரர் ஒருவரும் அவருக்குள் இருந்தார். நம் விமர்சனம் இவரிடம் போதிய சிரத்தை காட்டவில்லை என்பது என் எண்ணம்.

1933இல், தம் 78ஆம் வயதில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். அடுத்த வருஷம் இரண்டாம் பாகம். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர், தியாகராச செட்டியார் ஆகியோருக்கும் தனித்தனிப் புத்தகம். கனம் கிருஷ்ணையர் இவருடைய தந்தைக்குச் சங்கீத குரு. பூவாளூர்க்காரரான செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் பார்த்த வேலையை 1880இல் இவருக்கு வாங்கிக் கொடுத்தவர். ஆகவே நன்றிக்கடன் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பிள்ளை விஷயத்தில் எனக்கு அது போதவில்லை.

அதே 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று ஐயரை விசாரிக்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் எதற்கும் அசையவில்லை. சிந்தாமணி தெரியுமா என்கிறார். அங்கே உதாசீனப்படுத்தப்பட்டது ஓர் இளைஞரின் படிப்பு மட்டுமல்ல, பிள்ளையின் உலகம் முழுவதும். பிறகு ஐயர் அச்சேற்றிய ஒவ்வொரு பழைய நூலும் தமிழனின் ரசனையை நகர்த்தியது. பிள்ளை பாடிய 20க்கு மேற்பட்ட ஸ்தலபுராணங்களைப் பின்னுக்குத் தள்ளியது. சிஷ்யரின் வெற்றி குருவின் கவிதைக்கு எமனாய் முடிந்தது.

இதற்குச் சாட்சி வெகுதூரத்தில் இல்லை. பிள்ளை (1815–1876) எங்கள் திருச்சிராப்பள்ளிச் சீமைக்காரர். ஆற்றுக்கு அக்கரையில் அதவத்தூரிலும் சோமரசம்பேட்டையிலும் வளர்ந்தவர். நான் இருக்கும் மண்ணச்சநல்லூருக்குப் பக்கத்துத் தலமான திருப்பைஞ்ஞீலிக்குத் திரிபந்தாதி பாடியிருக்கிறார். அந்தக் கோயிலுக்குக் கலியாணத் தடை நீங்க வாழைக்குப் பரிகாரம் செய்ய வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அந்தாதியைக் கேட்டு வந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் பிள்ளையின் சரித்திரத்தை இன்றும் கையில் எடுத்தால் வைக்க முடியவில்லை.

ஏனென்றால் அதில் ஒரு மனிதர் நடமாடுகிறார். கடன் அவரை நெரிக்கிறது. கிறிஸ்தவரான சவரிராயலு நாயகருக்கும் முஸ்லிமான குலாம் காதிறு நாவலருக்கும் அவர் பாடம் சொல்கிறார். நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்த பாரதியாரை, இலக்கணப் பிழைகளைச் சாக்காக வைத்துப் பலமுறை அலையவிடுகிறார்; கடைசியில் பாட்டைக் காதால் கேட்டதும் உருகிப்போய் எழுதிக் கொடுக்கிறார். குருவின் பிடிவாதத்தையும் அது உடைந்த கணத்தையும் சிஷ்யர் மறைக்கவில்லை. இந்த நேர்மை பக்தியிலிருந்து வந்ததென்றால், அந்தப் பக்திக்கு நான் மரியாதை செலுத்துகிறேன்.

ஆனால் ஓர் இடத்தில் அவர் மௌனமாகிவிடுகிறார். பிள்ளையின் செய்யுள்களை எடுத்துக்காட்டி நயம் சொல்கிறார். புறநானூற்றுக்குப் பிறகு அவை எங்கே நிற்கின்றன என்று கேட்கவில்லை. இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர். அந்தக் கேள்விக்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? அவர் விழுங்கிய தீர்ப்பை நாமும் சொல்லாமல், படிக்காமலே பிள்ளையைத் தள்ளிவைத்தோம். அது விமர்சனம் அல்ல, சோம்பல்.

தான் ரசனையில் தாண்டி வந்துவிட்ட ஒருவரைப் பற்றி, மேலே நின்று பார்க்காமல் எழுத முடியுமா? முடியும் என்று ஐயர் காட்டிவிட்டார். பிறந்த ஊர், பெற்ற பட்டம், வாங்கிய பரிசு என்று நிரப்பி வாழ்க்கை வரலாறு என்று பெயர் சூட்டும் நம்மவர்களுக்கு இந்த முதல் பாடமே இன்னும் எட்டவில்லை. அவர் விட்டுவைத்த இரண்டாவது பாடம், மனிதனை நேசித்துக்கொண்டே அவன் எழுத்தை நிறுத்துப் பார்ப்பது. அதைச் செய்யாதவரை பிள்ளைக்கு நாம் பட்ட கடன் அப்படியே இருக்கிறது. நமக்கு முன்னால் எழுதிவிட்டுப்போன மற்றவர்களுக்கும்தான்.