தீ தீண்டிய கல்

பிளான்ட்போர்ட் போரம் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலுள்ள சந்தை நகரம். 1731 யூன் 4ஆம் திகதி மெழுகுதிரி செய்பவர் ஒருவரின் வீட்டில் பற்றிய தீயில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. புல் வேய்ந்த கூரைகள் தீ பரவ வழிசெய்தன. 1732இல் பாராளுமன்றம் சட்டமொன்று இயற்றியது: சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோ இருக்கவேண்டும், கூரை ஓடு, சிலேற்று, ஈயம் இவற்றுள் ஒன்றாக இருக்கவேண்டும். இன்று ஜோர்ஜியக் கட்டடக்கலையின் உதாரணமாக வியக்கப்படும் சந்தைச் சதுக்கம் இப்படித்தான் பிறந்தது. அழகுணர்ச்சிக்கு முன்னர் அங்கு அச்சம் இருந்தது. வியப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இக்கடைகளை அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். பலவற்றின் கீழ்த்தளத்தைப் பிற்கால வணிகம் பெரிய கண்ணாடிகளுக்காக வெட்டிவிட்டது. மேலே பழைய முகப்பு எஞ்சியிருக்கிறது. சிவந்த செங்கற்களுக்கிடையே சாம்பல்நீலக் கற்கள், தலைப்பக்கம் வெளியே தெரியும்படி வைக்கப்பட்டுள்ளன. அந்த நிறம் பூச்சு அல்ல. சூளையில் நெருப்புக்கு மிக அருகில் இருந்த கல்லின் முகம் உருகிக் கண்ணாடியானதால் வந்தது. தீயில் அழிந்த ஊர், தீ அதிகம் தீண்டிய கல்லையே அலங்காரமாக்கியிருக்கிறது.

நகரை மீளக் கட்டியவர்களாக ஜோன், வில்லியம் பாஸ்ரட் சகோதரர்களைச் சொல்வர். அவர்களது திறமையை நான் மறுக்கவில்லை. பொரோமினி உரோமாபுரியில் கையாண்ட, உட்புறமாகச் சுருளும் தூண்தலை ஒரு நாட்டுப்புறச் சந்தைவரை வந்து சேர்ந்தது சிறிய விடயமல்ல. ஆனால் 1760இல் தேவாலயத்தருகே ஜோன் பாஸ்ரட் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது. களிமண் பிசைந்தவர், இரவிரவாகச் சூளை காத்தவர் பெயர் இல்லை. விமர்சகர்களும் அதே பட்டியலைத்தான் திருப்பி எழுதுகிறார்கள்.

நானும் ஒருகாலம் விரிவுரை மண்டபத்தில் பாணி, காலம், செல்வாக்கு என்றுதான் கலையைக் கூறுபோட்டுக் கற்பித்தேன். இன்று எட்டு மணித்தியாலம் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறேன். ஒரே அளவில் ஆயிரம் பொருள் செய்யும் கையின் சலிப்பும் கவனமும் எனக்குத் தெரியும். எந்தக் கல் எந்தச் சூட்டில் நிறம் மாறும் என்ற அறிவு வரைபடத்தில் இல்லை; சூளைக்காரரிடம் இருந்தது. அதையும் கட்டடக்கலை என்று ஏற்காதவரை நமது விமர்சனம் பாதி விமர்சனமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்நகர் நன்கொடையால் எழுந்தது. இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் 1000 பவுண் கொடுத்தார். நாடெங்கும் பணம் திரட்டப்பட்டது. வீடிழந்தவர் பிறர் உதவியில் வாழ்வதை அகதிகளின் குணமாகப் பேசுவோர் இந்த முகப்புகளின் கீழும் நடக்கிறார்கள். அவர்கள் ஒருமுறையேனும் அண்ணாந்து பார்க்கட்டும்.